பழைய போர்ஷேயின் கியர் புஷ்களை மாற்றி நான்கு ஆண்டுகள்

என்னிடமுள்ள 1983ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி, சிங்கப்பூரில் 35 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவானது. ஆண்டுக்கு 45 நாள்கள்தான் அதைச் சாலையில் ஓட்டலாம். கிடைக்கும் அந்தச் சில நாள்களிலும், சிக்னலில் பச்சை விழுந்தபின் இரண்டாம் கியரைத் துழாவ நேர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. நியூட்ரலில் லீவர் ஒரு சாண் அகலத்துக்கு ஆடியது. முதல் கியர் என்று தள்ளினால் மூன்றாவது விழுந்தது.

முதலில் காட்டிய பட்டறையில், கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிட்டதாகவும் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். காக்கி புக்கிட்டில் பழைய கார்களைப் பார்க்கும் அண்ணன் ஒருவர்தான், “தம்பி, பெட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி புஷ்ஷப் பாருங்க” என்றார். புஷ் என்பது அசையும் பாகத்தைத் தளர்வின்றித் தாங்கும் சிறு உறை.

இந்தக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்புறம் இருப்பதால், லீவரின் அசைவை, காரின் தரை நடுவே உள்ள சுரங்கம் போன்ற புடைப்புக்குள் ஓடும் நீண்ட தண்டு ஒன்றுதான் கொண்டுசெல்கிறது. லீவரின் அடியில் உள்ள பந்துக் கிண்ணம், சுரங்கத்துக்குள் தண்டைத் தாங்கும் புஷ், முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கப்ளிங் ஆகிய மூன்றும் பிளாஸ்டிக்கை நம்பியிருக்கின்றன. மூன்றிலும் சேரும் சிறு தளர்ச்சியே கியரைத் தவறவிடுகிறது. சோதிப்பது எளிது: எஞ்சினை அணைத்து, கம்பளத்தின் கீழுள்ள மூடியைத் திறந்து, ஒருவர் லீவரை அசைக்க மற்றவர் கப்ளிங்கைக் கவனிக்க வேண்டும். என் காரில் கப்ளிங்கின் முன்பாதி நன்றாக நகர்ந்த பிறகே பின்பாதி அசைந்தது. பிரித்தபோது உள்ளிருந்த புஷ்கள் துகள்களாக உதிர்ந்தன.

மாற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. சிரமம் சரிக்கட்டுவதில்தான். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கையில், லீவரைச் சரியான நிலையில் நிறுத்திக் கப்ளிங்கின் போல்ட்டை இறுக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஏதாவது ஒரு கியர் முழுமையாக விழாது. எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் ஐந்தாவதும் ரிவர்ஸும் ஒருசேர அமைந்தன. தளர்த்துவதற்கு முன் தண்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

முதல் ஆண்டில் கப்ளிங்குக்கு உலோகப் புஷ் போட்டிருந்தேன். கியர் துல்லியமாக விழுந்தாலும், எஞ்சினின் அதிர்வு முழுவதும் உள்ளங்கைக்கு வந்ததால், அசல் வகைப் பிளாஸ்டிக்குக்கே திரும்பினேன். குறைந்த நாள்கள் ஓடும் காருக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு ஒருமுறை பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக இடுகிறேன்.

இப்போது லீவரின் ஆட்டம் இரு விரலுக்கும் குறைவு. இந்தக் காரிலுள்ள 915 வகை கியர்பாக்ஸுக்கு அவசரம் பிடிக்காது என்பதால் ஒரு நொடி பொறுத்தே மாற்றுகிறேன். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலையின் வளைவுகளில், மூன்றிலிருந்து இரண்டுக்குக் கடந்த மாதம் ஒருமுறைகூடத் தவறவில்லை. பந்துக் கிண்ணத்தில் மட்டும் மெல்லிய கிறீச்சொலி தொடங்கியிருக்கிறது. புதியதை வரவழைத்து வைத்திருக்கிறேன்.