ஒன்பது வருடமாகப் பெரிய ஹோஸ்டாக்கள் வளர்த்ததில்

புல்கூடப் பிடிக்காத மரத்தடி அது. அங்கே, நிழலில் இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடியில் எம்ப்ரஸ் வூ, சம் அண்ட் சப்ஸ்டன்ஸ், புளூ ஏஞ்சல் என்று மூன்று பெரிய வகைகளை நட்டு 9 வருடம் ஆகிறது. வாங்கியபோது மூன்றும் சேர்ந்து ஒரு கூடைக்குள் அடங்கின.

பெரிய வகைகள் முழு அளவுக்கு வர 5 முதல் 7 வருடம் பிடிக்கும். அதை நம்பாமல் இரண்டரை அடிக்கு ஒன்றாக நட்டுவிட்டேன். மூன்றாம் வருடம் இலையோடு இலை முட்டவும், எம்ப்ரஸ் வூவைத் தோண்டி இடம் மாற்றினேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் இலை சிறுத்தே வந்தது. இப்போது 4 அடி உயரம், 6 அடி அகலம். ஓர் இலையை ஏந்த இரண்டு கையும் வேண்டும். அதனால் சொல்கிறேன், முதல் நாளே ஆறடி விட்டு நடுங்கள். நடுவில் வெறிச்சென்று இருந்தால் சில வருடம் பெரணி வைத்துக்கொள்ளலாம். தூர் பிரிக்கும் ஆசையும் வேண்டாம்.

புளூ ஏஞ்சலின் நீலம் இலைமேல் படிந்திருக்கும் மெழுகு. கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால் அந்த இடம் பச்சையாகிவிடும். கடும் வெயிலும் அதைக் கரைத்துவிடும். இளங்காலை வெயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சம் அண்ட் சப்ஸ்டன்ஸ் நேரெதிர். கொஞ்சம் வெயில் பட்டால்தான் அந்த மஞ்சள் கலந்த பச்சை துலங்கும்.

உண்மையான போட்டி மரவேரோடுதான். மேலாகத் தெளிக்கும் தண்ணீரை மரமே குடித்துவிடும். தூரடியில் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடவேண்டும். மூடாக்கு போடலாம், ஆனால் குருத்தை மூடினால் அழுகும்.

ஓடில்லா நத்தைகளை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குகிறேன். தடித்த இலை என்பதால் சம் அண்ட் சப்ஸ்டன்ஸில் ஓட்டை குறைவு.

வாங்கும்போது இலை நரம்பை ஒட்டி மை ஊறினாற்போல் கறை இருந்தால் தொடாதீர்கள். அது ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் ஆக இருக்கலாம். மருந்து கிடையாது, வெட்டும் கத்தியின் சாறு வழியே அடுத்த செடிக்கும் போகும்.

குளிர்காலத்தில் எல்லாம் மடிந்து வெறும் மண் தெரியும். அந்தக் குளிர் உறக்கம் இதற்குக் கட்டாயம். குளிரே இல்லாத இடத்தில் தேய்ந்துபோகும். பிறகு ஒரு நாள் சுருட்டிய ஓலைபோல் குருத்துகள் மண்ணைப் பிளந்து வரும். இந்த வருடம் எம்ப்ரஸ் வூவில் 27 எண்ணினேன். நட்டபோது இருந்தவை இரண்டு.