அரமா, ஆக்சா பிளேடா?

கொருக்குப்பேட்டை காயலாங்கடையில் எடைக்கு வாங்கிய பழைய அரம் ஒன்று, லேத் பட்டறையில் கழித்துப் போட்ட பவர் ஆக்சா (இரும்பு அறுக்கும் மெஷின்) பிளேடு ஒன்று, இரண்டிலும் மீன் நறுக்கும் கத்தி செய்து பார்த்துவிட்டேன். இனிமேல் எனக்குப் பிளேடுதான்.

அரம் மோசம் என்று சொல்லவில்லை. எங்கேயும் கிடைக்கும், சாணைக்கல்லில் சீக்கிரம் வாய் (வெட்டும் ஓரம்) ஏறும். அப்படியே கத்தியாக்கினால் கண்ணாடி மாதிரி ஒடியும் என்பதால் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதத்தை, அதாவது இரும்பின் கடினத்தை, கொஞ்சம் இறக்க வேண்டும், அதுவும் பெரிய வேலையில்லை.

சிக்கல் சூட்டில்தான். அரம் வெறும் கார்பன் ஸ்டீல், 300 டிகிரி வாக்கில் நீலம் பாய்ந்துவிடும், பாய்ந்த இடத்தில் பதம் போச்சு. வாய் மெலிய மெலிய சூடு ஓட இடமில்லாமல் அங்கேயே தேங்கும். வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து நொடிக்கு நொடி முக்கி எடுத்தும், பேச்சுக்கு ஒரு நிமிடம் திரும்பினேன், நுனியில் இரண்டு விரல் அகலம் நீலமாகிவிட்டது. நாலு சங்கரா நறுக்குவதற்குள் அந்த இடம் மழுங்கியது.

பிளேடு ஹைஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டன், மாலிப்டினம் எல்லாம் கலந்தது, 500 டிகிரி தாண்டியும் கெட்டித்தன்மையை விடாது. நீலம் பாய்ந்தால் பாயட்டும். சிவக்க மட்டும் விடாதீர்கள், நல்ல சூட்டில் தண்ணீரில் முக்கவும் கூடாது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தானாக ஆறட்டும். உலை வேண்டாம், ஓவன் வேண்டாம், மொட்டை மாடியும் நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரும் போதும். (பக்கத்து வீட்டில் துணி காயப்போடாத நேரமாகப் பாருங்கள்.)

வெட்டுவதற்கு 1 மில்லி கட்டிங் வீல். அழுத்தினால் வீல்தான் கரையும். கோட்டின் மேல் லேசாகப் பலமுறை ஓட்டிப் பாதி ஆழம் வந்ததும் வைஸில் இறுக்கி, மேலே கனமான துணி போட்டுத் தட்டினால் பட்டென்று ஒடியும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது. என் கத்திக்கு மூன்று வீல் தீர்ந்தது. சாதா டிரில் பிட் இதில் வழுக்கத்தான் செய்யும், அதனால் பிளேடின் முனையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைப் பிடிப் பக்கம் வருகிற மாதிரி வெட்டிக்கொண்டேன்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். சில பிளேடில் பல் மட்டும்தான் ஹைஸ்பீடு, முதுகு ஸ்பிரிங் ஸ்டீல். முதுகை லேசாகத் தேய்த்தால் பொறி மங்கலான சிவப்பாகக் குறைவாக வர வேண்டும், மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்தால் வேண்டாம்.

துரு இரண்டுக்கும் உண்டு, காசிமேடு காற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். வஞ்சிரம் தலையைப் பிளேடு கத்தியில் பிளக்காதீர்கள், வாய் தெறிக்கும். அதற்கு லாரிப் பட்டை (லாரியின் ஸ்பிரிங் பட்டை) நல்லது என்கிறார்கள், நான் அதில் ஒரே ஒரு கத்திதான் செய்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பிளேடு கத்திக்குச் சாணை ஏற நேரமாகும் என்பது உண்மை. தெருவில் வருகிற சாணைக்கார அண்ணன் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே ரேட்டை ஏற்றிவிட்டார். இப்போது டைமண்ட் பட்டை வாங்கி நானே தீட்டிக்கொள்கிறேன்.