புகைக்குடிலா, சூட்டறையா?

பினாங்கு கடைத்தெருவில் வெற்றிலைக் கடை அண்ணன் கிள்ளித் தரும் கறுப்புப் புகையிலையும், மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் சிகரெட்டுக்காக விளைந்த வர்ஜீனியா இலையும் ஒரே செடியினம்தான். வேறுபடுவது பாடம், அதாவது பறித்த இலையைப் பக்குவப்படுத்தும் முறை.

கறுப்புப் புகையிலைக்கு, யாழ்ப்பாணத்தில் வாட்டிய இலையைக் குடிலில் தொங்கவிட்டு, தேங்காய் மட்டை எரித்துப் புகை போடுவார்கள். புகை இலையிலேயே படியும். பிறகு போராக அடுக்கினால் உள்ளே சூடேறி, நிறம் கறுத்து, மணம் திரளும். எவ்வளவு பொறுமையான வேலை!

வர்ஜீனியா இலை போகும் சூட்டறையில் குழாய் வழியே வெப்பம் மட்டும் பரவும், புகை தொடாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகும், சர்க்கரை தங்கும்.

உடலுக்கு இரண்டும் கேடுதான். சொல்வளம் என்று பார்த்தால் எனக்குக் குடில்தான் பெரிது. இங்கே இளையவர்கள் இரண்டையும் ‘காய வைப்பது’ என்கிறார்கள். காய்வது வேறு, பாடமாவது வேறு.