கோழிக்கூட்டுக்குள் ஓர் இரவுக் கேமரா: 11 மாத அனுபவம்

என்னிடம் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. கூட்டுக்குள் கேமரா வைத்து 11 மாதம் ஆகிறது. வைஃபையில் ஓடும், இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும், 1080பி படம், உள்ளேயே ஒரு மைக், மெமரி கார்டு போட ஓர் இடம். வீட்டு வாசலில் மாட்டுகிற அதே சாதாரண வகைதான், கோழிக்கென்று செய்ததல்ல. படம் பார்க்கத்தான் வாங்கினேன். ஆனால் இதில் எனக்கு அதிகம் உதவியது அந்த மைக்.

கோழி தன் சீக்கை லேசில் காட்டிக்கொள்ளாது. தளர்ந்து நிற்பதை மற்றவை கொத்தி ஒதுக்கிவிடும் என்பதால், முடிந்தவரை தெம்பாகவே நடமாடும். நாம் தீவனத்தோடு உள்ளே போனால் நோய்ப்பட்டதும் கூட்டத்தோடு ஓடி வரும். இறகை உப்பிக்கொண்டு மூலையில் நிற்கும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும். என்னுடைய நல்ல பெட்டை ஒன்றை அப்படித்தான் இழந்தேன். மாலையில் தீவனம் கொத்தியது, விடிந்து பார்த்தால் இரவில் அடையும் கட்டைக்குக் கீழே கிடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கேமரா வந்தது.

மாட்டிய மூன்றாம் வாரம், இரவு 11 மணி. எல்லாம் அடைந்து கூடு அமைதியாக இருந்தது. ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். மூச்சுக்கு மூச்சு சன்னமான ஒரு கரகரப்பு, நடுநடுவே சின்னத் தும்மல். பகலில் கொக்கரிப்புக்கும் கிளறலுக்கும் நடுவே இது காதில் விழவே விழாது. டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றின் முதுகிலும் காதை வைத்துக் கேட்டேன். சாம்பல் நிறப் பெட்டைதான். மூக்குத் துளையில் ஈரம், கண்ணோரத்தில் லேசான நுரை. அன்றிரவே அதைத் தனிக்கூண்டுக்கு மாற்றினேன். காலையில் கால்நடை மருத்துவர் பார்த்து, சுவாசத் தொற்று என்று மருந்து கொடுத்தார். அவர் சொன்ன நாள்வரை அதன் முட்டையை யாரும் சாப்பிடவில்லை. அடுத்த பத்து இரவும் மற்ற எட்டுப் பெட்டைகளையும் சேவலையும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறு எதற்கும் வரவில்லை. இந்தக் கேமராவுக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு வாரத்திலேயே எனக்குத் திரும்பிவிட்டது.

இப்போது தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம், படம் பார்க்காமல் சத்தம் மட்டும் கேட்கிறேன். நன்றாக இருக்கும் கூட்டின் சத்தம் பழகிவிட்டது. அடையும்போது இடத்துக்காக ஒரு சச்சரவு, பிறகு தாழ்ந்த குரலில் முனகல், அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது.

படத்தாலும் ஒரு பெரிய நன்மை உண்டு. வெயில் காலத்தில் ஒருநாள், கோழிகள் கட்டையில் ஏறவே தயங்கின. ஏறியவையும் இரவெல்லாம் காலை மாற்றி மாற்றி வைத்து, இறகுக்குள் அலகை விட்டுக் கோதிக்கொண்டே இருந்தன. இரண்டு பெட்டைகள் முட்டையிடும் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. எனக்குச் செள் ஞாபகம் வந்தது. சிவப்புச் செள் பகலில் கட்டையின் விரிசல்களில் ஒளிந்திருந்து இரவில்தான் ஏறி இரத்தம் குடிக்கும். பகலில் கோழியின் இறகைப் பிரித்துப் பிரித்துத் தேடினாலும் பெரும்பாலும் அகப்படாது. நள்ளிரவில் ஒரு வெள்ளைத் தாளைக் கட்டையின் அடியில் தேய்த்தேன், சிவப்புக் கோடுகள் விழுந்தன. கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன், மூட்டுகளையும் இடுக்குகளையும் சுரண்டிக் கழுவினேன். வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் புதுத் தலைமுறை வந்துவிடும் என்பதால் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மறுபடி அதே வேலை. செள் ஒழிந்ததையும் கேமராதான் சொன்னது: எல்லாம் தலையை இறகுக்குள் செருகிக்கொண்டு அசையாமல் தூங்கிய ஓர் இரவு.

சேவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது விடியலுக்கு முன்பே கூவுவது உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தால். 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தும், அவை விடியும் நேரத்தை ஒட்டிக் கூவின. என் சேவலும் நேரம் தவறாது. ஒரு காலைப் பதிவில் கூவலே இல்லை. படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தால், ஒற்றைக் காலில் நின்றபடியே இரவைக் கழித்திருக்கிறது. பிடித்துப் பார்த்தேன். உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கருத்த பொருக்கு. உயரமான கட்டையிலிருந்து தினமும் கடினமான தரையில் குதித்துக் குதித்து வந்த புண். சிகிச்சையோடு கட்டையையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன், கீழே தடிமனாக வைக்கோல் பரப்பினேன்.

சரி, குறைகள். அசைவு கண்டால் அறிவிப்பு அனுப்பும் வசதியை முதல் வாரமே அணைத்துவிட்டேன். பறக்கும் தூசி, அந்துப்பூச்சி, சிலந்தி வலை எல்லாம் அகச்சிவப்பு ஒளியில் பளிச்சென்று மின்னும், ஃபோன் இரவெல்லாம் அலறும். கோழிக்கூட்டுத் தூசிக்கு லென்ஸ் மூன்று நாளில் மங்கிவிடுகிறது, துடைக்காமல் முடியாது. இரவுப் படம் கறுப்பு வெள்ளை. கொண்டை வெளிறியதா, எச்சத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது, அதற்குப் பகலில் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மின்கம்பியை எலி ஒருமுறை கடித்தது, இப்போது குழாய்க்குள் விட்டிருக்கிறேன். இருட்டில் இதன் விளக்குகள் மங்கிய சிவப்பாகத் தெரிகின்றன. கோழிகள் இரண்டு இரவு அதையே பார்த்தன, பிறகு கண்டுகொள்ளவில்லை. அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 940 நானோமீட்டர் என்று போட்ட வகை வாங்கினால் அந்தச் சிவப்பும் இருக்காது. எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இது இருக்கிறதே என்று கோழியைக் கையில் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். இறகு மெலிவை முழுவதும் மறைத்துவிடும். நெஞ்செலும்பைத் தடவினால்தான் சதை கரைந்திருப்பது தெரியும். கழுத்தடியில் தீவனம் தங்கும் தீனிப்பை இரவில் நிரம்பியிருக்கும், காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் உப்பலாக, மாவுபோல அமுங்கினால் உடனே கவனியுங்கள். எந்தக் கேமராவும் இதைச் சொல்லாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வாங்குபவர்கள் படத்தின் தெளிவைவிட மைக் எப்படி இருக்கிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். மாட்டும்போது கூரையில் மாட்டாமல், அடையும் கட்டையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கோழியின் தலை மட்டத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். நான் முதலில் கூரையில்தான் வைத்திருந்தேன், மழை பெய்த இரவுகளில் ஓட்டின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.