88 வோல்ட் என்று அச்சிட்ட டிரில்லை நம்பி வாங்காதீர்கள்

கம்பியில்லா டிரில் வாங்க நினைப்பவர்களுக்கு விளக்கமாக ஆலோசனை சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 189 சிங்கப்பூர் வெள்ளியைப் பறிகொடுத்த ஆத்திரம் இன்னும் ஆறாததால், நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வாளி, பூட்டு, வண்ணப்பூச்சு டின் என்று நடைபாதைவரை அடுக்கி வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த கடை அது.

வரவேற்பறையில் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும், கான்கிரீட் சுவரில் இது துளையிடுமா என்பதுதான் நான் கேட்ட ஒரே கேள்வி. விற்பனையாளர் தமிழர். "அண்ணே, பெரிய பிராண்டெல்லாம் பேருக்குத்தான் காசு. இது 88 வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார், 5 ஆம்பியர்-மணி பேட்டரி. கான்கிரீட்டெல்லாம் சும்மா போகும்" என்றவர், பலகைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்து நொடியில் துளைத்தும் காட்டினார். (மென்மரத்தை எந்த டிரில்தான் துளைக்காது?) பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பணம் எடுக்க வைத்தது: "ஏதாச்சும் பிரச்சினைன்னா நேரா என்கிட்ட கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்." 189 வெள்ளி, ரொக்கமாக.

வீட்டில் மேற்பூச்சைத் தாண்டியதுமே பிட் (துளையிடும் முனை) நின்ற இடத்திலேயே சுழன்றது. கான்கிரீட்டுக்குச் சுழற்சி மட்டும் போதாது, பிட்டை முன்னோக்கி இடிக்கும் சுத்தியல் இயக்கமும் வேண்டும். கருவியின் வளையத்தில் சுத்தியல் படம் அழகாக அச்சிடப்பட்டிருந்தது, ஆனால் வளையத்தை அங்கே திருப்பினாலும் சத்தத்தில்கூட எந்த மாற்றமும் இல்லை. காற்றுத் துளைகளின் வழியே நீலப் பொறிகள் தெரிந்தன. பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசுவதற்குக் கார்பன் பிரஷ்களே கிடையாது என்னும்போது அந்தப் பொறிகள் எங்கிருந்து வந்தன?

பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் கருவியைக் கையில் எடுக்கவே இல்லை. சார்ஜரைத் திருப்பி அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தார். 21 வோல்ட், 1.3 ஆம்பியர். ஒரு லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஐந்து செல்லுக்கு 21 வோல்ட். ஆக, இது மற்றவர்கள் 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் விற்கும் அதே ஐந்து செல் வகைதான். 88 என்பது பெட்டிக்காக எழுதிய எண். அந்தச் சார்ஜரில் 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி நிரம்ப ஏறத்தாழ நான்கு மணி நேரமாவது ஆக வேண்டும், ஆனால் இதுவோ ஒரு மணி நேரத்தில் நிரம்பி, பச்சை விளக்கைக் காட்டிவிடுகிறது. ஆக, அந்த 5-ம் பொய்தான்.

திரும்பக் கொண்டு போனபோது, "மாத்தித் தர்றேன்" என்றவருக்கு என் முகமே நினைவில்லை. முதலில் பிட் சரியில்லை என்று சொல்லி, 28 வெள்ளிக்கு வேறொரு பிட் தொகுப்பை என் தலையில் கட்டப் பார்த்தார். அடுத்து என் வீட்டுச் சுவரில் குறை கண்டார். முதலாளி ஜோகூர் போயிருக்கிறார், வந்ததும் அழைப்பார் என்றார். அழைப்பு வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது. கடைசியில் ரசீதின் அடியில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். 189 வெள்ளி அந்த ஒரு வரியில் கரைந்துவிடும் என்று நினைத்துவிட்டார் போலும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்றால் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

விளக்கமான ஆலோசனை எழுதும் பொறுமை இப்போது எனக்கு இல்லை. பெட்டியில் உள்ள வோல்ட்டைப் படிக்காதீர்கள், சார்ஜரில் உள்ளதைப் படியுங்கள். பலகையில் துளைத்துக் காட்டினால், ஒரு கான்கிரீட் கல்லைக் கேளுங்கள். வாக்குறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஓரிரண்டு துளைகளுக்காக என்றால் டிரில்லே வாங்காமல் ஆளைக் கூப்பிடுங்கள், 189 வெள்ளி ஆகாது.

பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். அங்கே தீராவிட்டால், சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்தில் தனிநபர் மனுவுக்கு 10 வெள்ளிதான் கட்டணம், அதையும் கட்டுவேன்.