நாளிதழ் குறுக்கெழுத்து: கட்டம் நன்று, குறிப்பு சுமார்

மதுரைப் பதிப்பாக வெளிவரும் தமிழ் நாளிதழ் ஒன்றை எங்கள் வீட்டில் இன்னும் நிறுத்தாமல் வாங்குவதற்குக் காரணம் செய்திகள் அல்ல. அதன் உட்பக்கத்தில் நாள்தோறும் வரும் குறுக்கெழுத்துப் புதிர். இதழின் பெயரைத் தவிர்த்துவிட்டுக் குறை நிறைகளை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அச்சு. கட்டம் மிகச் சிறியது. 'ப', 'ட' போன்றவை அடங்கிவிடும். 'கொ', 'ணோ' என்று கொம்பும் காலும் சேர்ந்துகொண்டால், அந்தக் கால் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தில்தான் போய் நிற்கும். மைப் பேனா ஊறுகிறது, பென்சில் சரியாகப் பதிவதில்லை. பால்பாயின்ட் பேனாவே இந்தத் தாளுக்கு ஏற்றது.

பெரிய சிக்கல் திசையில் இருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற இரண்டோடு நில்லாமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என நான்கு தலைப்புகளில் குறிப்புகள் வருகின்றன. இதைப் புதிர் அமைப்பவரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளுக்குள் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் போதும்; தமிழிலோ க, கா, கி என ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்தாக, மொத்தம் 247 இருக்கின்றன. போதாக்குறைக்கு, புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. மேல் வரிசையில் 'மரம்' என்று எழுதிவிட்டால், அந்த 'ம்' இருக்கும் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க வழியில்லை. அங்கே முடியக்கூடிய ஒரு சொல்லைக் கீழேயிருந்து மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே திருப்பி எழுதச் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை.

என்னால் ஏற்க முடியாதது, குறிப்பின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் 'குழம்பியுள்ளது' என்ற ஒற்றைச் சொல்தான். விடை 'தாமரை' என்று கண்டுபிடித்த பிறகும் தா, ம, ரை ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் இடுவது? குறுக்கே வெட்டும் சொல் ஒன்றுதான் என்றால் ஓர் எழுத்தின் இடம் உறுதியாகும். மற்ற இரண்டும் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். மறுநாள் விடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது புதிர் அன்று, குலுக்கல். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பணப்பரிசு கொடுத்த குறுக்கெழுத்துப் போட்டிகள் நம் பத்திரிகைகளில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரே குறிப்புக்கு இரண்டு விடைகள் பொருந்துவதில் ஒரு வியாபாரக் கணக்கு இருந்தது. 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று அதற்குக் கடிவாளம் போட்டது. இன்று கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் ஊகத்துக்கு விடும் பழக்கம் போகவில்லை.

குறிப்புகளில் பெரும்பாலானவை 'ஆதவன்', 'நடிகை ஒருவர்' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. எப்போதாவது ஒன்று மின்னும். 'இடு கரத்தை, மதுரையில் ஆறு (2)' என்றொரு குறிப்பு வந்த அன்று, சிம்மக்கல்லில் நாங்கள் கூடும் டீக்கடையில் வடை ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் நடந்தது. "ஆறாம் நம்பர் பஸ்ஸா இருக்குமோண்ணே?" என்று ஒருவர் கேட்க, பெரியவர் ஒருவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "குண்டோதரனுக்குத் தாகம் எடுத்தப்ப சாமி என்னப்பா சொன்னாரு?" என்றார். வை, கை: இரண்டு கட்டமும் நிறைந்தன. திருவிளையாடல் கதை தெரிந்தவருக்குக் கதை வழியாகவும், தெரியாதவருக்குச் சொல்லைப் பிரிப்பதன் வழியாகவும் விடை கிடைக்கிறது. எண்ணாகவும் நதியாகவும் நிற்கும் 'ஆறு' இருவரையும் சற்றே ஏமாற்றுகிறது. தமிழ்க் குறிப்பு எழுதுபவர் இந்த வழியில் போக வேண்டும் என்பது என் கருத்து. திருப்புவதையேகூடக் குறிப்புக்குள் கொண்டுவரலாம்: 'படி, திரும்பினால் ஈசன் (2)' என்று கொடுத்தால் 'வாசி' திரும்பி 'சிவா' ஆகிவிடும், தனித் தலைப்பு எதற்கு?

தனியாக வாங்க விரும்பாதவர்கள் நூலகத்திலேயே புதிரைப் போட்டுக்கொள்ளலாம். புதிய நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆனாலும் சரி, தெருமுனைக் கிளை நூலகம் ஆனாலும் சரி, பொது நாளிதழில் பேனா வைப்பது முறையன்று. நோட்டில் கட்டத்தைப் பெரிதாக வரைந்துகொண்டால் முன்பு சொன்ன கால் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

மறுநாள் வரும் விடைப் பகுதி நிரப்பிய கட்டத்தை மட்டும் காட்டுகிறது; ஏன் அந்த விடை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் கிடையாது. கடினமான இரண்டு குறிப்புகளுக்காவது விளக்கம் சேர்க்க வேண்டும். இடம் போதவில்லை என்றால், அதே பக்கத்தில் இருக்கும் ராசிபலனில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் டீக்கடையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.