மூக்குப்பட்டை அளவுகோல்: இரண்டு விரல் இடைவெளி நிஜமாகவே இருக்கிறதா?

கடிவாளத்தில் குதிரையின் மூக்கைச் சுற்றிப் பூட்டும் மூக்குப்பட்டையை எவ்வளவு இறுக்கலாம் என்று கேட்டால், 'இரண்டு விரல் நுழைய வேண்டும்' என்று சவாரிக்காரர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். யாருடைய விரல், முகத்தில் எந்த இடத்தில் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க சர்வதேச குதிரையேற்ற அறிவியல் சங்கம் முன்வைத்த சிறு கருவி இது. ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்த, கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் ஆப்பு. அதன்மேல் ஒரு விரல், இரண்டு விரல் என்று குறிகள். அசையும் பாகமே இல்லாததால் பழுதாக வழியில்லை. புது மெத்தைச் சேணவிரிப்பு வாங்குவதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போட்டிகளில் கலந்துகொண்ட 750 குதிரைகளை இத்தகைய அளவுகோலால் அளந்த ஆய்வு 2017இல் வெளியானது. 44 சதவீதக் குதிரைகளுக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே ஆப்பின் நுனிகூட நுழையவில்லை. இரண்டு விரல் இடைவெளி இருந்தவை வெறும் 7 சதவீதம்.

அளக்கும் இடம்தான் எல்லாம். மூக்கின் முன்பக்க நடுக்கோட்டில், எலும்பின்மேல் அளக்க வேண்டும். கன்னத்துப் பக்கம் தசை அமுங்கிக் கொடுக்கும். தாடைக்கு அடியில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இயற்கையாகவே பள்ளம் உண்டு. அங்கே விரலை விட்டுப் பார்ப்பவர்களுக்கு எவ்வளவு இறுக்கிய பட்டையும் தளர்வாகவே தெரியும்.

கடிவாளம் முழுவதும் பூட்டி, கடிவாளக் கம்பி வாயில் இருக்கும்போதே அளவு எடுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தி நிதானமாக நிற்கட்டும்; சவாரிக்காரர் கையில் பிடிக்கும் கடிவாள வாரை யாரும் இழுத்துப் பிடிக்கக் கூடாது. மெலிந்த முனையைப் பட்டைக்கு அடியில் வைத்து, தடை தட்டுப்படும் வரை மெல்ல நகர்த்துங்கள். பலமாகத் தள்ளினால் தோல்வார் இழுபட்டு அளவு கூடிவிடும். இரண்டு விரல் குறி தாராளமாக உள்ளே போனால் சரி. போகவில்லையென்றால் ஒரு துளை தளர்த்தி மறுபடி அளங்கள். பட்டையில் துளைகள் அகல அகலமாக இருந்தால் ஒன்று இறுக்கமாகவும் அடுத்தது தொளதொளவென்றும் அமையும். நடுவில் ஒரு துளை போட்டுக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

மெத்தை வைத்த பட்டைகளில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பஞ்சு அமுங்கி ஆப்புக்கு வழிவிடும். உடனே இடைவெளி இருப்பதாக நினைத்துவிடுவோம். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே, எதையும் நசுக்காமல் ஆப்பு போக வேண்டும். மெத்தை அழுத்தத்தைப் பரப்புமே தவிர, வாயைத் திறக்க இடம் தராது. கிராங்க் எனப்படும் பட்டை வகையில் இன்னும் கவனம் வேண்டும். வார் ஒரு வளையத்தின் வழியே திரும்பி வருவதால், கை கொடுக்கும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இழுப்பவருக்கு லேசாகத் தெரியும் இறுக்கம் குதிரைக்கு லேசானதல்ல. கீழே ஃப்ளாஷ் வார் (மேல்பட்டையோடு இணைந்து, கம்பிக்குக் கீழே வாயைச் சுற்றிப் பூட்டும் மெல்லிய வார்) இருந்தால் அதைப் பூட்டிய பிறகு மேல்பட்டையை மறுபடி அளக்க வேண்டும்; அது பட்டையைக் கீழே இழுத்து அளவை மாற்றிவிடும்.

இறுக்கினால் என்ன ஆகிறது? குதிரையின் மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் சரியாகத் தேயாமல் கூராகிறது. பட்டை கன்னத்தை அந்தக் கூர்முனைகள்மேல் அழுத்தும்போது உட்புறம் புண்ணாகிறது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டையை முழுக்க இறுக்கியபோது இதயத்துடிப்பு ஏறியது, மெல்லுவது நின்றுபோனது. அவிழ்த்த பிறகு கொட்டாவியும் விழுங்குவதும் நக்குவதும் முன்பைவிட அதிகமாயின. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது என்றே இதைப் படிக்கிறோம்.

இந்தக் கருவியின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. கால்நடை மருத்துவர் சூ டைசன் வகுத்த சவாரி வலிக் குறிப்பட்டியலில் 24 நடத்தைகள் உண்டு. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசை, எலும்பு, மூட்டு வலி இருக்க வாய்ப்பு அதிகம். வாயைத் திறந்து மூடுவதும் பத்து விநாடிக்கு மேல் திறந்தே வைத்திருப்பதும் அவற்றுள் அடக்கம். பட்டையை இறுக்கினால் அந்த அடையாளம் மறைந்துபோகிறது, வலி போவதில்லை. ஆகவே தளர்த்தியதும் குதிரை வாயைப் பிளக்கிறது என்று புகார் சொல்லி மறுபடி இறுக்காதீர்கள். பல்லைப் பரிசோதியுங்கள். கம்பியின் அகலமும் தடிமனும் அந்த வாய்க்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து சவாரி செய்பவரின் கையைக் கவனியுங்கள். கடிவாள வார் ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் குதிரையும் வாயைத் திறக்கத்தான் செய்யும்.

குறைகளும் உண்டு. ஆப்பு இடைவெளியை மட்டுமே சொல்லும். கம்பி நாக்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, பட்டை முகத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. மூக்கெலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில் பட்டை கிடந்தால், அளவு சரியாக இருந்தும் பயனில்லை. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி; அங்கே அழுத்தினால் மூச்சு தடைபடலாம்.

போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 மே முதல் தனக்கென்று ஓர் அளவுக்கருவியைப் பயன்படுத்துகிறது. அதன் உயரம் 1.5 செ.மீ. அதற்குப் பழக விரும்பினால் அதே கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாடப் பயிற்சிக்கு ஆப்பு போதும்.

லாயத்தில் பல குதிரைகளுக்கு ஒரே அளவுகோல் என்றால், ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினி தடவி, உலர வைத்த பிறகே அடுத்த குதிரையிடம் போங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் மூக்குச் சளி வழியே பரவுவது. இந்தத் துண்டோ மூக்குக்கு மூக்கு போகிறது. காய்ச்சலோ சளியோ உள்ள குதிரைக்குத் தனியாக ஒன்று வைத்துவிடுவது நல்லது.